ஏழு மணி ஜீப்

ஏழு அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. புளியமரத்தடியில் ரேணுகாதேவி ஒருத்திதான் நின்றிருந்தாள். ஜீப்பைக் காணோம்.

"பாவிங்க, ஏழு அடிக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போய்ட்டாங்க!"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்றைக்குப் போய் இப்படிச் செய்துவிட்டார்களே!

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் போகும் மணிவேலின் ஜீப் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். இ-சேவை மையத்துக்கு வேலைக்குப் போகும் ரேணுகா மூச்சிரைக்க ஓடி வந்து ஏறுவதோ ஏழரைக்கு. ஒரு நாள் டிபன் பாக்ஸை மறந்து திரும்பி ஓடுவாள். ஒரு நாள் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நின்றுவிடுவாள். ஒரு நாள் காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு வருவாள்.

"மகாராணி வந்துட்டாங்க, வண்டிய எடுப்பா" என்று இழுப்பார் சின்னதம்பி மாமா.

"உன் ஒருத்தியால தெனம் எல்லாருக்கும் அரை மணி நேரம் போவுதுடி" என்று கத்துவாள் திரௌபதி அக்கா.

ஒரு வருஷமாக இதே பாட்டு.

போன வாரம்தான் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். கவனக் குறைபாடு. சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, சின்ன வயசிலிருந்தே இருப்பது, மாத்திரை இருக்கிறது என்றார். இருபத்தாறு வருஷம் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து ரேணுகா அங்கேயே அழுதுவிட்டாள்.

டாக்டர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "மாத்திரை போட்ட நேரம், அன்னிக்கு எப்படி இருந்துச்சு, எல்லாம் இதுல எழுதிட்டு வாங்கம்மா. சரி, துணைக்கு யார் இருக்காங்க? ஞாபகப்படுத்த, கூட நிக்க?"

"யாரும் இல்லீங்க சார். திட்டறதுக்குத்தான் ஊரே கீது."

முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதினார்: 'துணை: யாரும் இல்லை.'

நேற்று சாயங்காலம் திரும்பும்போது ஜீப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். "நாளைக்கு மாத்திரைய ஆரம்பிக்கிறேன். சரியா ஏழு மணிக்கு மொத ஆளா நிப்பேன். பாத்துக்குங்க!"

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொத நாளே வேலை செய்யுமா?" என்று கேட்டான் மணிவேல்.

"செய்யலாம். கொஞ்ச நாளும் ஆவலாம்னாரு."

"கொஞ்ச நாள் ஆவுமா? அப்பச் சரி" என்று அவன் பெருமூச்சு விட்டான். கிண்டல்தான், வேறென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் ரேணுகா.

காலையில் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு ஐந்தே முக்காலுக்கு மாத்திரையைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தலைக்குள் எப்போதும் இருக்கும் சந்தைக் கூச்சல் மெல்ல அடங்கியது. அடுப்பை அணைத்தாள். அணைத்தது நினைவிலும் நின்றது! டிபன் பாக்ஸ், சார்ஜர், சாவி, எல்லாம் பையில். காலில் ஒரே ஜோடிச் செருப்பு. அவளுக்கு ஆடலாம் போல இருந்தது.

இவ்வளவு செய்து வந்தால், மரத்தடியில் ஆளில்லை. போனில் டவரும் இல்லை.

ஏழு பத்து. ஏழே கால்.

ஏழு இருபதுக்கு, தலையைப் பின்னிக்கொண்டே திரௌபதி அக்கா வந்தாள். ரேணுகாவைப் பார்த்ததும் பின்னல் பாதியில் நின்றது.

"அய்யய்யோ! நீ எப்படி வந்த?"

"நீயும் கோட்டை வுட்டியாக்கா? ஜீப் போய்டுச்சி!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலேயே வேப்பங்குச்சியை மென்றபடி சின்னதம்பி மாமா வந்தார். ரேணுகாவைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அந்த உடம்புக்கு அந்த மரம் போதவில்லை.

அடுத்த நிமிடம் ஜீப்பும் வந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. விசிலடித்தபடி ஓட்டி வந்த மணிவேல் பிரேக்கை மிதித்தான்.

"மணி ஏழரை ஆவப்போவுது. இப்பத்தான் வர்றீங்களாண்ணா?" என்றாள் ரேணுகா.

மணிவேல் தலையைச் சொறிந்தான். "இந்த ஜீப்பு என்னிக்குமே ஏழரைக்குத்தாம்மா கெளம்பும்."

"இன்னாது?"

"போன வருஷம் ஜீப்ப வுட்டுட்டு அரசு வேலைப் பரீட்சைக்குப் போவ முடியாம இங்கயே உக்காந்து அழுத இல்ல? யாருக்கும் மனசு கேக்கல. அதான், மறுநாள்லேர்ந்து நேரத்த மாத்திட்டோம்னு உனக்கு மட்டும் ஏழுன்னு சொன்னோம்."

"அப்ப நான் ஒரு நாளும் லேட்டா வர்ல?"

"ஒரு நாளும் இல்ல" என்றார் மாமா, மரத்தை விட்டு வெளியே வந்து.

"அப்புறம் ஏன்க்கா தெனம் அந்தத் திட்டு திட்டின?"

"திட்டலன்னா உனக்கு சந்தேகம் வந்துடுமேடி! காலங்காத்தால கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சி" என்றாள் திரௌபதி அக்கா. "நல்ல மாத்திரைடி. இனிமேப்பட்டு நான் நிம்மதியா வரலாம்."

ரேணுகா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"மகாராஜாவும் மகாராணியும் ஏறினா வண்டிய எடுக்கலாம்" என்றாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து ஏற, ஏழரைக்கு ஜீப் நிறைந்து கிளம்பியது. அவள் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். 'யாரும் இல்லை' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்:

'ஒரு ஜீப் நிறைய இருக்கிறார்கள்.'