ட்யூப்பின் மறுமுனை

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் மாசிலாமணி இரண்டு அணைகளுக்குக் கையெழுத்துப் போட்டவர். மூட்டுவலிக்காக வாங்கிய நீச்சல் தொட்டியை நிறுத்தக் கொல்லையில் பத்தடித் தரையை மட்டம் பண்ணத்தான் நான்கு நாளாகத் திணறிக்கொண்டிருந்தார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ட்யூப்பின் ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனைக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. அதனால் கொத்தனார் சூசை தினமும் வந்தார். மாலையில் சரியாக இருக்கும் தரை, மறுநாள் காலையில் ஏதாவதொரு மூலையில் அரை அங்குலம் ஏறியிருக்கும்.

“பூமி அப்படித்தான்யா, மூச்சு விடும். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல பாக்காததா?”

சூசை அன்று ஏறியிருந்த மூலையின் புது மண்ணில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைப் பார்த்தார். பிறகு மாசிலாமணியின் செருப்பைப் பார்த்தார்.

“விடட்டும் சார். நாளையிலேர்ந்து எனக்கு வேற எடத்துல வேலை, மூணு மாசம் ஆகும்.”

மண்ணைச் செதுக்கி மட்டம் பார்த்தார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றது.

“சரியா இருக்கு சார். இன்னிக்கே தொட்டிய வச்சிடுங்க.”

மாசிலாமணி தன் முனையைக் கீழே வைக்கவில்லை.

“இன்னொரு தடவை பாத்துடலாமே.” உத்தரவு போட்டே பழகிய குரல், பாதியிலேயே தேய்ந்துவிட்டது.

சூசை மறுமுனையை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க சார்,” என்றார்.