முழங்கால் வலிக்காரர்

“எப்படி இருக்கீங்க, மிஸ்டர் வெண்டல்?”

“மோசமில்ல.”

ஏரியே உறைந்துபோகும் குளிர் ஊரான டுலூத்தில் கை ஒடிந்து தொங்கினாலும் இதே பதில்தான் வரும். கிரெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அது மருத்துவக் கல்லூரியின் தேர்வறை. வெண்டல், நோயாளியாக நடிக்க வந்த நடிகர். ஊர் நாடகக் குழுவில் செத்து விழும் வேஷமென்றால் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். காலையிலிருந்து வகுப்பே அவரைச் சோதித்துவிட்டுப் போயாகிவிட்டது. கிரெட்டாதான் கடைசி. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இன்றும் தவறினால் டாக்டர் படிப்புக்கே முழுக்கு.

“என்ன தொந்தரவு?”

“முழங்கால் வலி. ஏரியில ஐஸ் மேல மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்துட்டேன்.”

முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் அத்தோடு எழுந்து போயிருந்தார்கள். பயத்தில் கிரெட்டாவுக்குக் கேள்விகள் நிற்கவில்லை.

“மாத்திரை ஏதாவது போடறீங்களா?”

வெண்டல் கொஞ்சம் யோசித்தார். “வலி மாத்திரை. மூணு வேளையும்.”

“வயிறு எரியுதா?”

“எரியும். மோசமில்ல.”

“தப்பா நினைக்காதீங்க. வெளிக்குப் போனா என்ன நிறம்?”

வெண்டல் நெளிந்தார். “கறுப்பு. ரோட்டுக்குப் போடுற தார் மாதிரி.”

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மனுஷன் என்னமா நடிக்கிறார் என்று கிரெட்டாவுக்கு ஆச்சரியம்.

“எழுந்தா தலை சுத்துதா?”

“ரெண்டு நாளா.”

கிரெட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார், முழங்கால் கிடக்கட்டும். மாத்திரையால இரைப்பை புண்ணாகி உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டுது. மாத்திரையை இப்பவே நிறுத்தணும். ரெண்டு கையிலயும் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏத்தணும், ரத்தம் தயாரா இருக்கணும். வாய் வழியா கேமரா குழாயை விட்டுக் கசியற இடத்தை அடைக்கணும். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து!”

கதவு படாரென்று திறந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டிருந்த தேர்வாளர் டாக்டர் ப்ரூநெல் உள்ளே வந்தார். வயிற்று ரத்தக்கசிவில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய நினைப்பு.

“ஏம்மா, இது சாதாரண முழங்கால் சுளுக்கு! இவர் நடிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தவனே நான். எல்லாரும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. நீ இல்லாத ரத்தத்தைக் கொட்ட விட்டுட்டே. ஃபெயில்! போய் வேற வேலை பாரு.”

“அவர்தான் சார் கறுப்புன்னு சொன்னாரு...” கிரெட்டா வெண்டலைக் கை காட்டினாள். மூன்று வருட உழைப்பு ஒரு சுளுக்கில் போயிற்று.

ப்ரூநெல் வெண்டல் பக்கம் திரும்பினார். “யோவ், இங்கேயும் சாகிற வேஷமா? மாத்திரை பத்தியோ மலத்தைப் பத்தியோ நான் ஒரு வரிகூட எழுதலையே. அதையெல்லாம் யார் உன்னைப் பேசச் சொன்னது?”

எழுந்திருக்க முயன்ற வெண்டல், மேஜையைப் பிடித்துக்கொண்டு வெளிறிய முகத்தோடு மறுபடியும் உட்கார்ந்தார்.

“நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, எழுதாததைக் கேட்டா சொந்த உடம்புல இருக்கிற உண்மையைச் சொல்லணும்னு?”