நனையாத பேப்பர்

“ஒரு சொட்டு இருக்கா? நல்லா தடவிப் பாரு.”

கனகராஜ் நீட்டியது நேற்று இரவு காருக்கு அடியில் அவன் விரித்து வைத்த செய்தித்தாள். முதல் பக்கத்து அமைச்சரின் சிரிப்புகூட நனையவில்லை.

மனைவியின் தம்பி தேவன் வாயிலிருந்து பிரஷை எடுத்தான். “காஞ்சிருந்தா நல்லதுதானே மச்சான்?”

“நல்லதா? இங்க வா.”

கனகராஜ் பானெட்டைத் தூக்கினான். நேற்று இரவு எஞ்சின் ஆறிய பிறகு, தண்ணீர் டப்பாவில் அவன் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தான். பச்சை நிறக் கூலண்ட் தண்ணீர் இப்போது அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. இது தொடர்ந்து பத்தாவது நாள்.

காருக்கு இருபத்தேழு வயது. போன மாதம் சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கருகே ஆவி கக்கி நின்றதிலிருந்து மெக்கானிக் ரூபன் மூன்று முறை பார்த்துவிட்டார். வர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஓடும்போது எங்கேயும் ஒழுகவில்லை. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகையும் வரவில்லை.

“சில கார் ஆறின பெறகுதான் சொட்டும்லா” என்றிருந்தார் ரூபன். “ராத்திரி அடியில பேப்பர் விரிச்சு வை. அதுவும் காஞ்சே இருந்துச்சுன்னா அது கார் வேல இல்ல, ஆள் வேல.”

கனகராஜ் இப்போது அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வீட்டுல யாரு யாரு இருக்கோம்? நான், ஒங்க அக்கா, எங்கப்பா. முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. இன்னமும் நாலு மணிக்கு எழுந்திருச்சு, போர்ச்சக் கூட்டி, செடிக்குத் தண்ணி ஊத்திட்டுக் கோயிலுக்குப் போயிடுறாரு. அவருக்கு பானெட்ட எப்படித் தொறக்குறதுன்னே தெரியாது.”

“அப்ப நானா?”

“டயர் கடைல வேல செய்யிறவன் யாரு? கார் சாவி தொங்குற ஹால்ல படுக்கிறவன் யாரு? ‘இந்தக் கெழவிய எனக்குத் தள்ளி விட்டுருங்க மச்சான்’னு கேட்டது யாரு?”

“ஐயோ, அது வெளையாட்டுக்குக் கேட்டது! நீங்கதான் தாலி கட்டுன மாதிரி அதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க.”

“அழ வைக்கிறது யாருன்னுதான்டா கேக்குறேன். ரெண்டு தடவ நடுரோட்டுல நின்னா நானே வெறுத்துப்போயி வித்துடுவேன்னு பாக்குறியா?”

கொல்லைப் பக்கமிருந்து தினேஸ்வரி வந்தாள். கையில் ஒரு கருகிய கறிவேப்பிலைக் கொத்து. “தாளிக்க ஒரு நல்ல எலை இல்ல. தெனமும் தண்ணி ஊத்துற செடி, ஒரு வாரமா ஏன் இப்படிப் பட்டுப்போவுதுன்னு தெரியல. இங்க என்னடான்னா காலங்காத்தால சண்ட.”

“ஒன் தம்பியக் கேளு.”

அவள் கேட்கும்வரை தேவன் காத்திருக்கவில்லை. “ராத்திரி ராத்திரி நான் கார்த் தண்ணியத் தொறந்து விடுறேனாம் அக்கா.”

“அவன் செய்ய மாட்டான்ங்க” என்றாள் தினேஸ்வரி உடனே. “ஆயர் தாவார்லேர்ந்து என்னை நம்பி வந்த புள்ள.”

“சரி, அவன் செய்யல. எஞ்சின் குடிக்கல. தரையிலயும் சொட்டல.” கனகராஜ் அவளிடம் செய்தித்தாளைக் கொடுத்தான். “அப்ப தண்ணி எங்க போச்சு? நீயே சொல்லு.”

தினேஸ்வரி தாளைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு மூலையை விரலால் தேய்த்தும் பார்த்தாள்.

“அக்கா,” தேவனின் குரல் இறங்கியது. “நீயுமா தடவிப் பாக்குற?”

பத்து நிமிடத்தில் அவன் துணிகள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்தவனுக்கு அவ்வளவுதான் இருந்தது. கையைப் பிடித்த தினேஸ்வரியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

“இனிமே நான் ஒங்க வாசல மிதிக்க மாட்டேன். ஒங்க கெழவிய பத்திரமா பாத்துக்குங்க மச்சான்.”

மோட்டார் சைக்கிளின் சத்தம் தெருமுனை வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. தினேஸ்வரி அங்கேயே நின்றாள். “இதச் செஞ்சது அவன் இல்லன்னு ஆச்சுன்னா,” என்றாள் கணவனைப் பார்க்காமல், “நீங்க எப்படி அவன் மூஞ்சில முழிப்பீங்க?”

“ஆதாரம் கையில இருக்கு” என்றான் கனகராஜ். ரூபனிடம் காட்டுவதற்காகச் செய்தித்தாளை நான்காக மடித்தான்.

அப்போது அவன் அப்பா மாயாண்டி நெற்றி நிறையத் திருநீறோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். “தேவன் எங்கப்பா பையோட போறான்? கூப்புட்டேன், திரும்பியே பாக்கல.”

கனகராஜ் மடித்த தாளைச் சட்டைப் பையில் செருகினான். மாயாண்டி குனிந்து போர்ச்சின் வெள்ளை டைல்ஸை ஒரு கண்ணால் பார்த்து, எங்கும் கறை இல்லை என்று தலையாட்டிக்கொண்டார்.

பிறகு பூச்சட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய மங்குக் கிண்ணத்தை எடுத்து வந்தார். தோட்டத்தில் மரத்துக்கு மரம் கட்டிப் பால் பிடித்த மண் கிண்ணம். வேலையை விட்டு வந்தபோது அவர் கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

“ராசு,” என்றார் மகனிடம், “நீ விரிக்கிற பேப்பர் நனையக் கூடாதேன்னு ராத்திரி நீ படுத்த பெறகு இதத்தான் கார் அடியில வைக்கிறேன், இப்பல்லாம் விடியிறதுக்குள்ள நெறஞ்சிடுது, கொஞ்சம் பெரிசா ஒண்ணு வாங்கித் தாறியா?”