கேட்காமல் ஒடித்த கொம்பு

மறுபடியும் வாந்தி எடுத்தார். பச்சையாக.

அவள் வாளியை நகர்த்தி வைத்தாள். முதுகைத் தடவிவிட்டாள்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். சர்க்கரைக்கு நல்லது என்று அவள்தான் கொல்லையில் நின்ற கீரையின் இலையை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, உப்புப் போட்டுக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"புருஷனைக் கொல்லப் பாக்குறியாடி?" என்று சிரித்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நாக்கு மரத்தாப்ல இருக்குடி" என்கிறார் இப்போது. சிரிப்பு இல்லை.

ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டாள். டாக்டரம்மா பதறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன செடி?"

"மரக்கீரைங்க."

"எந்த மரக்கீரை? ஊருக்கு ஊர் ஒண்ணை அப்படிச் சொல்றாங்க. சிலது வேக வெச்சாத்தான் ஆகும். சிலதை வேக வெச்சாலும் தொடக் கூடாது. செடி வாங்கின எடத்துல கேட்டுட்டு உடனே வாங்க. கிளை ஒண்ணும் எடுத்துட்டு வாங்க."

வாங்கின இடம்!

பின்பக்கம், துணி துவைக்கிற கல்லருகே அது நின்றது. ஆடியில் ஒரு சாண் கொம்பாக நட்டது, இப்போது ஆளுயரம். உரம் என்று ஒரு பிடி போட்டதில்லை. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றுவாள், அதுவும் ஞாபகம் இருந்தால். இந்த வருடம் தக்காளி சுருண்டது. வெண்டையைப் பூச்சி அரித்தது. இது மட்டும் தழைத்தது.

ஒரு புழு ஏறியதில்லை.

இடிந்த காம்பவுண்டு வழியாக வரும் ஆடுகள் முருங்கைக் கன்றை மொட்டையடித்துவிட்டுப் போகும். இதை மோந்துகூடப் பார்க்காது.

அதைத்தான் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். ஆடு தொடாத கீரையாம், ஆஹா!

ஆடு ஏன் தொடவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாளா? பாவி.

அது எதிர்வீட்டு பிலோமினாவின் வேலியில் ஒடித்த கொம்பு. அவள் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேட்டிருந்தால் ஒரு கட்டே கொடுத்திருப்பாள். ஆனால் கேட்டு வாங்கினது தழைக்காது, திருடி நட்டால்தான் வேர் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலறவும் முடியாது என்பார்கள்.

அவள் அலறினாள். தெருவைத் தாண்டும் முன்பே.

"அக்கா! பிலோமினாக்கா!"

கதவு திறந்தது. கையிலிருந்த கிளையை நீட்டினாள்.

"ஒங்க வேலியில ஒடிச்சதுக்கா. திருடிட்டேன். செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன். இது என்ன செடின்னு மட்டும் சொல்லுங்க. பச்சையா அரைச்சுக் குடுத்துட்டேன். அவருக்கு என்னமோ பண்ணுதுக்கா."

பிலோமினா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதேம்மா." குரல் இறங்கிவிட்டது. "நானும் ஒடிச்சதுதான். தண்ணி டேங்க் பக்கத்துல, டீச்சர் வீட்டுல. அவங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்ப."

"நீங்க திங்கிறீங்கல்ல? நான் பாத்திருக்கேனே, நீங்க பறிக்கிறதை."

"வாரத்துல ரெண்டு நாள் பொரியல் பண்ணுவேன். பிள்ளைங்களுக்கு அப்பப்ப வயித்தைப் பொரட்டும். வெயில்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு பிலோமினா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஆட்டோ வந்தது. இரண்டு பேருமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பிலோமினா நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தானும் ஏறினாள்.

"போற வழிதான். டீச்சர் வீட்டு வேலி முழுக்க இதான் நிக்கும். அவங்களுக்குத் தெரியாம இருக்காது. பாட்டனி டீச்சர், செடி கொடியெல்லாம் படிச்சவங்க."

பாட்டனி டீச்சர். அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். மாதாவே, மாரியம்மா, யாராக இருந்தாலும் சரி, டீச்சர் வீட்டில் இருக்க வேண்டும். இருந்து, அட இதுவா, இது ஒண்ணும் பண்ணாதே என்று சொல்ல வேண்டும்.

அவர் தலை அவள் தோளில் கனத்தது. சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

தண்ணி டேங்க் வந்தது. ஆட்டோ மெதுவானது.

டீச்சர் வீட்டு கேட்டில் பூட்டுத் தொங்கியது. பள்ளிக்கூட நேரம்.

"வேலி எங்க?" என்றாள் பிலோமினா.

வேலி இல்லை. வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. கடப்பாரை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மூலையில் சாம்பல். வேர், தண்டு, இலை, ஒரு குச்சியைக்கூட மிச்சம் வைக்காமல் எரித்திருந்தார்கள்.

தண்ணீர்கூடக் கேட்காத செடி. அதைப் பிடுங்கி எரிக்க இத்தனை பாடு பட்டிருக்கிறார் டீச்சர்.

பிலோமினா போனை எடுத்து, அதே கீரையைத் தின்கிற மகனின் பள்ளிக்கூடத்து நம்பரைத் தேடினாள். விரல் தப்புத் தப்பாக விழுந்தது.

"நிறுத்தவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வேணாண்ணே. போங்க. வேகமாப் போங்க."

தோளில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"பேரு தெரிஞ்சுதாடி?"

அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரிஞ்சிருச்சுங்க" என்றாள்.