சிவப்புத் துணிக்குள் இருந்தது

“என் வேதப் புத்தகத்தைத் திருடினவன் விளங்குவானா? அவன் கை அழுகிப் போக!”

பழைய மோட்டார் வாங்கி விற்கும் கடைக்காரர் போட்ட சத்தத்தில், உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் ‘அப்புறம் வர்றேன்’ என்று வந்த வழியே நழுவிவிட்டார்.

நடந்தது இதுதான். கடை மேசையின் மேல் எப்போதும் சிவப்புத் துணியில் சுற்றிய வேதப் புத்தகம் இருக்கும். மோட்டார் விற்க வருகிற எவரும் அதன் மேல் கை வைத்து, “இது திருட்டுச் சரக்கு இல்லை” என்று சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் பேரமே ஆரம்பம். இன்று காலை அதன் மேல் டீ கொட்டிவிட்டது. பதறிப்போய் முடிச்சை அவிழ்த்தால், உள்ளே வேதத்தைக் காணோம். அதே தடிமனில் ஒரு மோட்டார் கேட்டலாக்!

“யோவ் மெக்கானிக், இங்க வா. நீதானே எடுத்தே?”

கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் வந்தார். பதினோரு வருஷமாக இந்தக் கடையில்தான். கடவுளே கிடையாது என்கிற ஆள்.

“நான் எடுக்கல முதலாளி.”

“யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா, தெரியாதா?”

மெக்கானிக் மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு, விட்டுடறேன். இது மேல கை வச்சுச் சொல்லு!”

“எது மேல? இது மேலயா?”

மெக்கானிக் கேட்டலாக்கைப் பார்த்தார். கடைக்காரருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

“உனக்கு எதுவா இருந்தா என்னய்யா? உனக்குத்தான் சாமியே கிடையாதே! தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.”

“வாய் வரமாட்டேங்குது முதலாளி. எனக்குத் தெரியும். ஆனா யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அப்போ நாளையிலேருந்து வேலைக்கு வராதே!”

மெக்கானிக் தன் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தார்.

கடைக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எத்தனை நாளாய்யா இந்தக் கேட்டலாக் இங்க இருக்கு? அதையாவது சொல்லு.”

“ஒன்பது வருஷமா. நீங்க ஒரு தடவைகூட பிரிச்சுப் படிக்கலையே.”

“ஒன்பது வருஷமா!”

போன வருஷம் ஒருவன் இதன் மேல் கையை வைத்ததும் “திருடினதுதாங்க” என்று தேம்பித் தேம்பி அழுதானே? மோட்டாரை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தானே? அவனை அழவைத்தது கேட்டலாக்கா? அப்படியானால் அன்றைக்கு ஆண்டவன் எங்கே இருந்தான்? இதோ, ஆண்டவனே இல்லை என்கிற இந்த ஆள், வேலை போகிறபோதுகூட ஒரு சின்னப் பொய் சொல்ல மாட்டேன் என்கிறான். இவனுக்கு இதை எந்தப் புத்தகம் சொல்லிக் கொடுத்தது?

எப்பேர்ப்பட்ட பேரத்திலும் மடங்காதவருக்கு மண்டை சுற்றியது.

சாப்பாட்டுக் கூடையோடு மனைவி படியேறி வந்தாள். ஸ்பேனர் பையைப் பார்த்தாள். அவிழ்ந்து கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள்.

“தெருமுனை வரைக்கும் கேட்டுது உங்க சாபம். அண்ணே, நீங்க பையைக் கீழ வைங்க. புத்தகத்தை எடுத்தது நான்தான். கேட்டலாக் கொடுத்தது மட்டும்தான் அண்ணன்.”

“நீயா? ரெண்டு வேளையும் கும்பிடுறவ, ஆண்டவன் புத்தகத்துல கை வைக்கலாமா?”

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, மரம் அறுக்கிற மிஷினுக்கு உங்ககிட்ட மோட்டார் வாங்கினாரே ஒரு தச்சர், ஞாபகம் இருக்கா? அது ஏற்கெனவே எரிஞ்சு, உள்ள செப்புக் கம்பியை மாத்தி மறுபடி காயில் கட்டின மோட்டார். ‘பிரிச்சதே இல்ல’ன்னு அந்த வேதப் புத்தகத்து மேல கை வச்சுச் சொன்னீங்க.”

“அது... வியாபாரத்துல ஒரு பேச்சுக்கு...”

“மூணே மாசத்துல எரிஞ்சுபோய்த் தூக்கிட்டு வந்தாரு. ‘சத்தியம் பண்ணிக் கொடுத்த சரக்குய்யா, உன் வீட்டுக் கரண்ட்தான் சரியில்ல’ன்னீங்க. அந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? சந்தேகப்பட்டதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. அன்னிக்குத்தான் எடுத்தேன். இனிமே நீங்க சொல்ற பொய் கேட்டலாக்கோட போகட்டும், ஆண்டவன் வரைக்கும் போக வேண்டாம்னு.”

கடைக்காரர் துணியைப் பார்த்தார், கேட்டலாக்கைப் பார்த்தார், கடைசியில் மெக்கானிக்கைப் பார்த்தார்.

“ஏய்யா, நிஜ வேதத்து மேல நான் பொய் சொல்லியிருக்கேன். கேட்டலாக் மேல திருடன் நிஜம் சொல்லியிருக்கான். எனக்கு ஒண்ணுமே புரியலையே!”

“என்னைக் கேட்டா? எனக்குத்தான் சாமியே கிடையாதுன்னீங்களே.”

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்பவாவது புத்தகத்தைக் கொடு. எங்க வச்சிருக்கே?”

“பீரோவுல பத்திரமா இருக்கு” என்று சாப்பாட்டை மேசையில் வைத்தாள் அவள். “முதல்ல அந்தத் தச்சர் வீட்டுக்கு ஒரு நல்ல மோட்டாரைத் தூக்கிட்டுப் போங்க. நடந்ததை உங்க வாயாலயே சொல்லி, உங்க கையாலயே மாட்டிக் கொடுத்துட்டு வாங்க. எடுத்துத் தர்றேன்.”