அக்கறைக்குப் போகும் பாலம்

பாலத்தின் மேல் பொம்மை மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

விரல் நுனி அளவு மனிதர்கள். ஒருத்தி தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளினாள். ஒருவன் நாயோடு போனான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள்.

கண்காட்சி மண்டபத்தில் மேசை நிறைய மாதிரி நகரம். பழைய துறைமுகத்தை அள்ளி எறிந்துவிட்டு அந்த நிலத்தில் வரப்போகிற நகரம். இந்தப் பக்கம் சுவிஸ். நடுவில் ரைன் நதி, நீலக் கண்ணாடியில். அந்தப் பக்கம் பிரான்ஸ். இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பாலம்.

மேலே பெரிய துணியில் இரண்டு மொழிகளில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லை இல்லாத நகரம்.

எல்லை இல்லையாம்!

இதைச் சொல்ல இவர்களுக்கு வாய் கூசவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, இங்கால வாங்கோ. இதைப் பாருங்கோ."

மகள் மிதுலா கையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் திட்டத்தில் வேலை செய்கிறவள். அம்மாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நின்றவள்.

இந்த ஊரில் குடியிருக்கிறவர்கள் பேசும் மொழிகளில் எல்லாம் பலகை வைத்திருந்தார்கள். தமிழ்ப் பலகையை எழுதியது மிதுலா. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்.

இனி நீங்கள் நடந்தே அக்கறைக்குப் போகலாம்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிழையைச் சொல்ல வாயெடுத்தாள்.

ஆனால் கண் மறுபடி பாலத்துக்குப் போனது. பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு குட்டி மரம். மரத்தடியில் உட்கார ஒரு வாங்கு. அவள் நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே அந்தப் பழைய எண்ணெய்த் தாங்கி, பெரிய இரும்புத் தொட்டி, இன்னும் நின்றது.

அதே இடம்.

அந்தத் தாங்கிக்கும் கம்பி வேலிக்கும் நடுவில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நிற்பாள். துறைமுகக் காவலாளி வந்து கத்துவான். போவது போல் போய்விட்டுத் திரும்பி வருவாள்.

அக்கரையில் தம்பி தயாபரன் நிற்பான்.

சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவன். ஏஜென்சிக்காரன் அவனைப் பிரான்ஸ் மட்டும்தான் கொண்டுவந்து விட்டான். இந்தப் பக்கம் வர அவனிடம் விசா இல்லை. அந்தப் பக்கம் போக, அகதியாகப் பதிந்திருந்த அவளுக்கு அனுமதி இல்லை. மீறிப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். வீட்டிலோ கைக்குழந்தை.

நடுவில் ஒரு ஆறு. அவ்வளவுதான்.

கூப்பிட்டால் கேட்காது. குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கையைக் கையை ஆட்டுவார்கள். ஒரு ஞாயிறு மிதுலாவைக் கொண்டுபோய்த் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அங்கே அவன் துள்ளினான். சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினான்.

பிறகு துள்ளாமல் நின்றான்.

பிறகு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான். சிறுநீரகம் இரண்டும் பழுது.

பிறகு ஒரு ஞாயிறு கதிரையும் இல்லை.

செத்தவீட்டுக்குப் போக அனுமதி கேட்டாள். கெஞ்சினாள். அரை நாள் போதும் ஐயா, முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றாள். மாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

தந்தார்கள்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்த பிறகு.

அன்றைக்கு ஒரு பெண் ஆற்றைத் தாண்டிப் போய்வர விட ஒருத்தனுக்கும் மனம் வரவில்லை. காணிக்கு விலை ஏறியதும் பாலம் வருகிறது! மரம் வருகிறது, வாங்கு வருகிறது. மேசையைச் சுற்றி நிற்கிறவர்கள் கையில் வைன் கிளாஸ் வேறு. என்ன சிரிப்பு இவர்களுக்கு!

"பேனை இருக்கோ பிள்ளை?"

"ஏன் அம்மா?"

"பிழை விட்டிருக்கிறாய். சின்ன ர வரவேணும். நீ பெரிய ற போட்டிருக்கிறாய்."

மிதுலாவின் முகம் சுருங்கியது.

"ஐயோ, இப்ப கிறுக்காதேங்கோ. எங்கட வேலையிடத்துப் பெரியவர் நிக்கிறார். நாளைக்கு வேற அடிக்கச் சொல்லுறன். ஒரு எழுத்துத்தானே அம்மா."

"ஒரு எழுத்துத்தானோ?"

அவள் போட்ட சத்தத்தில் மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உன்ர தயா மாமா அந்தா, அக்கரையில நிண்டவன். நான் இஞ்ச, அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில நிண்டு உன்னைத் தூக்கிக் காட்டினனான். கடைசியா அவன்ர முகத்தைப் பார்க்கவும் உவங்கள் விடேல்லை. அக்கரை இருந்தது பிள்ளை. அக்கறை இருக்கேல்லை."



சுவரில் மாலை போட்ட படமாக இருக்கும் மாமாவை மிதுலாவுக்குத் தெரியும். பிரான்சில் செத்தவர் என்று தெரியும். இந்த ஜன்னலுக்கு நேரே என்று தெரியாது.

ஜன்னலைப் பார்த்தாள். தாங்கியைப் பார்த்தாள். ஆற்றையும் அதற்கு அப்பாலும் கனநேரம் பார்த்தாள்.

பிறகு பையைத் திறந்து பேனையை எடுத்தாள். தாய் கை நீட்டினாள். மிதுலா கொடுக்கவில்லை. தானே பலகைக்குக் கிட்டப் போய், பெரிய ற-வின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். திரும்பத் திரும்ப இழுத்தாள். மேலே சின்ன ர எழுதினாள்.

பெரியவர் சிரித்த முகத்தோடு கிட்ட வந்தார். என்ன பிழை என்று கேட்டார்.

"இல்லாத ஒன்றை எழுதிவிட்டேன்" என்றாள் மிதுலா, அவருடைய மொழியில்.

பேனையை அவள் மூடவில்லை. மேலே தொங்கிய துணியில் 'எல்லை இல்லாத நகரம்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.