வெயிலில் இரண்டு நீலம்

ஜன்னல் இல்லாத அறையில், தையல் மிஷினுக்கு அடியில், யூனிஃபார்மோடு சுருண்டு கிடக்கிறாள் மகள். மிதிபலகையில் தலை வைத்திருக்கிறாள். அம்மா மெல்ல மிதிக்க, தொட்டிலில் கிடப்பதுபோல் அந்தத் தலை ஆடுகிறது. நூல் கோக்காத ஊசி வெறுமனே ஏறி இறங்குகிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் நீலத் துணித்துண்டுகள் தரையெல்லாம் தண்ணீர்போல் பரந்திருக்கின்றன. “மணி அடிச்சிருப்பாங்கடி, கிளம்பு.” “மாட்டேன்.” “ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிறேன், என் பிள்ளை பூனை மாதிரி படுத்துக் கிடக்கு. என்னதான்டி உனக்குக் கஷ்டம்?” மகள் எழுந்து, அம்மாவின் விரலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போகிறாள். வெயிலில் நின்று கையை நீட்டுகிறாள். மிச்சத் துணிகளைச் சேர்த்து அம்மா தைத்த சட்டை அது. உள்ளே ஒரே நீலமாகத்தான் இருந்தது. இங்கே உடம்பு ஒரு நீலம், கை வேறு நீலம். “பிரேயர்ல வெயில்லதான் நிக்கணும். ஒட்டுச்சட்டைன்னு டீச்சர்தாம்மா முதல்ல சிரிச்சாங்க.” அம்மாவுக்குக் காது மடல் சுடுகிறது. இரண்டு நீலங்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிறகு உள்ளே போய் மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்குகிறாள். “அந்தப் பக்கம் பிடி. வாசல்ல போட்டு வேற கை வெச்சுத் தைக்கிறேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். உங்க டீச்சரையும் ஒரு தடவை வெயில்ல வெச்சுப் பார்க்கணும்.”